அரங்கின் கதவு யாருக்குத் திறக்கிறது?

மைசூருவின் ஹெப்பாளுக்குத் தொழிற்பேட்டையும் இன்போசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகமுமே அடையாளங்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மைசூருப் பல்கலைக்கழகத்தின் முதுகலை வளாகமான மானசகங்கோத்திரி இருக்கிறது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அதனை ஒட்டியே அமைந்துள்ளது. வாடகை குறைவு என்பதால் ஹெப்பாள் பக்கம் அறையெடுத்துத் தங்கும் ஆய்வு மாணவர், காலையில் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்களுடன் ஒரே பேருந்தில் ஏறுகிறார். அவர்கள் ஒரு வாயிலில் இறங்க, இவர் வேறொரு வாயிலில் இறங்குகிறார். அன்று கருத்தரங்கில் பேசப்படவிருப்பது அந்த உழைப்பாளர்களின் பேச்சுமொழியாகவும் இருக்கலாம். ஆனால் அழைப்பிதழ் அவர்களிடம் சென்றிருக்காது.

வளாக நிகழ்ச்சிகளின் ஒழுங்கு அனைவரும் அறிந்ததே. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என நேரம் கழியும். தலைமையுரை நீளும். கட்டுரையாளருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். கேள்வி நேரத்தை உணவு இடைவேளை விழுங்கிவிடும். இறுதி நாள் பிற்பகலில் வெறிச்சோடும் இருக்கைகள் சான்றிதழ் வழங்கும் வேளையில் மீண்டும் நிரம்பும்.

இதற்காக மாணவரைக் குறைகூறுவது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் கருத்தரங்கக் கட்டுரைக்கும் பயிற்சிக்கும் மதிப்பெண் வகுத்தன. அந்த முறை பின்னர் மாற்றப்பட்டது. ஆயினும் அது ஊன்றிய பழக்கம் நீங்கவில்லை. நிலையான வேலை இல்லாத ஒருவருக்குச் சான்றிதழ் என்பது நாளைய நேர்காணலின் நம்பிக்கை. அதனைப் பெறும் முயற்சியில் தம் ஆய்வைப் பிறருக்கு எடுத்துரைக்கும் பயிற்சி கைநழுவிப் போவதுதான் இழப்பு.

இதே மைசூருவில் வேறொரு மரபும் இருந்தது. 1916இல் தொடங்கப்பெற்ற இப்பல்கலைக்கழகம், ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் உருவான முதல் பல்கலைக்கழகம். 1930களில் அதன் ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று அறிவியலையும் வரலாற்றையும் இலக்கியத்தையும் பொதுமக்களுக்குக் கன்னடத்தில் எடுத்துரைத்தனர். அவ்வுரைகள் 'பிரசாரோபன்யாசம்' என்ற வரிசையில் சிறு நூல்களாகக் குறைந்த விலைக்கு வெளிவந்தன. பின்னாளில் துணைவேந்தராக இருந்து மானசகங்கோத்திரிக்குப் பெயர் சூட்டிய குவெம்புவும் கன்னடத்தின் வழியே உயர்கல்வி தரமுடியும் என்று உறுதியாக நம்பியவர்.

தமிழருக்கும் இது புதிதன்று. மணிமேகலையின் விழாவறை காதையில் புகார் நகரத்து இந்திர விழா முரசறைந்து அறிவிக்கப்படுகிறது. தெருக்களை அணிசெய்யச் சொல்லும் அதே அறிவிப்புத்தான் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்துக்கும் அழைக்கிறது. அறிஞர்களின் வாதம் ஊர்த் திருவிழாவின் ஓர் உறுப்பாக நிகழ்ந்தது என்பதையே காப்பியம் காட்டுகிறது.

இன்றும் சான்றுகள் இல்லாமலில்லை. நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மொழி மையம் பிற மாநிலப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பத்து மாதங்களில் தமிழோ கன்னடமோ மலையாளமோ தெலுங்கோ கற்பிக்கிறது. பணியில் இருக்கும் ஆசிரியரே அங்கு மாணவராக அமர்கிறார். பிழையாகப் பேசித் திருத்தம் பெறுகிறார். பயிலரங்கு என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அரிது.

ஆதலின் வளாகங்கள் செய்யத்தக்கவை பெருஞ்செலவு கோருவன அல்ல. மூன்று நாள் கருத்தரங்கில் ஒரு மாலையேனும் வளாகத்துக்கு வெளியே நிகழலாம். ஹெப்பாள் போன்ற பகுதியில் ஷிப்டு முடியும் நேரத்துக்கு ஏற்ப, கேட்போர் அறிந்த மொழியில், ஓர் உரை அமையலாம். பேச்சுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கேள்விக்கும் ஒதுக்கலாம்.

அத்தகைய அவையில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும், "இதனால் எங்களுக்கு என்ன?" என்பதாகவே இருக்கும். பொறுப்புமிக்க ஆய்வு வழிகாட்டியும் முதல் ஆண்டில் ஏறத்தாழ அதையே கேட்கிறார். ஐந்தாண்டு உழைத்த ஆய்வாளர், பேருந்தில் தம் அருகில் அமர்ந்து வருபவருக்கு விடை சொல்ல முயலும்போது, தம் ஆய்வேட்டில் எந்தப் பகுதி இன்னும் தமக்கே தெளிவாகவில்லை என்பதைக் கண்டுகொள்வார்.