வெண்டைக்கு லீவு கிடையாது

வெண்டைப் பூ மலர்ந்த 5, 6 நாளில் காயைப் பறித்தாக வேண்டும். விட்டால் முற்றிவிடும், முற்றியது செடியில் நின்றால் புதுப் பூவும் குறையும். பறித்ததைக் கொடுத்தால் முதலில் பக்கத்து வீட்டார் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். இப்போது பையைப் பார்த்தாலே, "எங்க வீட்லயும் நிறைய இருக்குக்கா" என்கிறார்கள். (மாடியில் ஒரு தொட்டிகூட இல்லாதவர்கள்!)

மிச்சத்துக்கு வற்றல்தான். நறுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே மோர், மோர் தீரும்வரை. கொத்தவரங்காய் என்றால் உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்துக் காயப்போடணும்.

தைப்பட்டத்துக் காய்க்குச் சித்திரை வெயில் இருக்கிறது. ஆடிப்பட்டத்துக் காய் வந்து சேர்வதோ மழை மேகத்தோடு. அதற்குப் புளிக்குழம்பு, பொரியல், மறுநாளும் புளிக்குழம்பு. வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.