டோக்கன் இல்லாமல் ஒரு கூட்டம்

"எவ்ளோம்மா தராங்க?"

சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்த அம்மாவிடம் மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனாலும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவர் ஒரு நொடி நின்றுவிட்டார்.

"யாரும் ஒண்ணும் தரல. நானாதான் போறேன். நீயும் வா, உனக்கும் இந்த வருஷம் ஓட்டு இருக்குல்ல."

2024 ஏப்ரல் இரண்டாவது வாரம். இரும்புலியூரில் காலையிலிருந்தே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாலை 6 மணிக்கு வேட்பாளர் வருகிறார், அலைகடலெனத் திரண்டு வாரீர். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் அதை நான்கைந்து தடவை கேட்டிருப்பார். ஐந்து மணிக்கு மெஷினை மூடினார். கல்யாண பிளவுஸ் இரண்டு பாக்கி இருந்தது, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பையில் மடித்து வைத்த ஒரு வெள்ளைத்தாள். அதில் அவர் கையால் எழுதிய மனு. கீழே அதே தெருவைச் சேர்ந்த 27 வீட்டுக் கையெழுத்துகள். விஷயம் சின்னது. தெருவில் மழைநீர் வெளியேற வழியில்லை, கால்வாய் வெட்டி பாதியில் நிற்கிறது. சின்ன விஷயம் என்று மழைக்காலத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. 2015-லும் இப்படித்தான். அப்போது முடிச்சூர் பக்கம் படகு விட்டதை டிவி-யில் நாடே பார்த்தது. மிக்ஜாமில் அவருடைய தையல் மெஷின் மோட்டார் போனது. டோக்கன் வாங்கி, ரேஷன் கடை வரிசையில் நின்று பெற்ற 6,000 ரூபாய் நிவாரணத்தில் மோட்டாரை மாற்றியதுபோக, நனைந்துபோன பத்துப் பதினைந்து பேரின் துணிக்கு ஈடு கொடுக்கக் கையிலிருந்து போட வேண்டியிருந்தது.

போகும் வழியிலேயே மகன் ஆரம்பித்துவிட்டான். "எம்.பி.க்கும் கால்வாய்க்கும் என்னம்மா சம்பந்தம்? அது மாநகராட்சி வேலை."

அவன் சொன்னது சரிதான். தாம்பரம் மாநகராட்சியான 2021 நவம்பரிலிருந்து 70 வார்டுகளுக்கும் கால்வாய், குப்பை, தெருவிளக்கெல்லாம் அவர்கள் பொறுப்பு. எம்.பி. கையில் இருப்பது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. இரும்புலியூர் வரும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியோ மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகளை அடக்கியது. 23 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே பெரிய நாடாளுமன்றத் தொகுதி. ஒரு வேட்பாளர் ஒவ்வொரு தெருவிலும் ஐந்து நிமிடம் நின்றால்கூட ஏப்ரல் மாதம் போதாது.

அம்மாவின் பதில் இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. "அவங்க யாரும் தெருவுக்கு வரலியே. ஓட்டு கேட்டு வர்றவர் இவர்தானே. வர்றவர்கிட்டதான குடுக்க முடியும்?"

தெருமுனையில் சின்ன மேடை, இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், வாழைமரம், டியூப்லைட். முன்வரிசை கட்சிக்காரர்களுக்கு. பின்னால் உள்ளூர்க்காரர்கள் பத்து இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைப் பக்கம் ஒரே பேச்சு, தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் பிடிபட்ட பணம்தான். சுமார் 4 கோடி. ஏப்ரல் 6 ராத்திரி நடந்தது, இன்னும் ஊர் அதைவிட்டு வெளியே வரவில்லை. "நம்ம ஸ்டேஷன் பேரு டெல்லி வரைக்கும் தெரிஞ்சிடுச்சு" என்று ஒரு பெரியவர் பெருமையா எரிச்சலா என்று பிரிக்க முடியாத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மணி ஏழானது. வேட்பாளர் வரவில்லை, வேன்கள் வந்தன. மூன்று டெம்போ, ஒரு குட்டியானை. இறங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தலையில் தொப்பி, கையில் கொடி. ஒரு அக்கா நோட்டுப் புத்தகத்தோடு நின்று தலையை எண்ணி எண்ணி நாற்காலிக்கு அனுப்பினார்.

மகன் போனில் படம் எடுத்தான். "பாரு, காசுக்கு வந்த கூட்டம். இவங்களாலதான்மா நாடு இப்படி இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தக அக்கா எண்ணும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒன்று, திரும்ப ஏறும்போது இன்னொன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் முழுப்பணம். நடுவில் யாராவது நழுவினால் அக்காவின் கமிஷனில் கை வைப்பார்கள். அதனால்தான் அக்கா உட்காரவே மாட்டார். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று மகன் கேட்கவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் தேர்தல் கமிஷனின் வீடியோக் குழு வந்திறங்கியது. கேமராக்காரர் மேடையை, தோரணத்தை, நாற்காலி வரிசையைப் பொறுமையாகப் படம் பிடித்தார். நாடாளுமன்ற வேட்பாளருக்குத் தமிழ்நாட்டில் செலவு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். நாற்காலிக்கு இவ்வளவு, மைக் செட்டுக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியலே வைத்திருப்பார். வீடியோவில் எத்தனை நாற்காலி தெரிகிறதோ அத்தனையும் கணக்கில் ஏறும். அதில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் சட்டப்படி அதே கணக்கில் வர வேண்டியதுதான். ஆனால் கேமராவில் நாற்காலி தெரியும், கூலி எப்படித் தெரியும்? எல்லோரும் தன்னார்வத்தோடு வந்தவர்கள்தான், கேட்டுப் பாருங்கள்.

2016-ல் அவரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் மே 16-ம் தேதி. ஏப்ரல் முழுக்கக் கூட்டங்கள். மகன் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும், புது ஸ்கூல், ஃபீஸ் கட்ட ஜூன் முதல் வாரம் கெடு. கணவருக்கு வேலை விட்டு விட்டுத்தான் கிடைத்தது. தெருவில் ஆள் சேர்க்க வந்த அக்கா 200 ரூபாய், மதியம் பொட்டலம் என்றார். மூன்று கூட்டங்களுக்குப் போனார். மூன்றும் வேறு வேறு கட்சி.

வண்டலூர் தாண்டி நடந்த ஒரு கூட்டத்துக்குக் காலை 10 மணிக்கே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தலைவர் பேசியது மாலை நாலரைக்கு. அதுவரை மூங்கில் தடுப்புக்குள். பந்தல் மேடைக்கு மட்டும்தான். பின்னால் போலாம் என்றால் தடுப்பு, முன்னால் போலாம் என்றால் போலீஸ். தண்ணீர்ப் பாக்கெட் வீசினார்கள், பெண்கள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்களே தவிர யாரும் குடிக்கவில்லை. குடித்தால் எங்கே போவது? கழிப்பறை என்று ஒன்று அந்த மைதானத்தில் இல்லை. பக்கத்திலிருந்த பாட்டி ஒருவர் காலையிலிருந்து ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்து, மூன்று மணிக்கு அப்படியே சரிந்தார். முந்தானையால் விசிறி, பாக்கெட்டைக் கடித்து முகத்தில் தெளித்து எழுப்பினார்கள். எழுந்ததும் பாட்டி கேட்டது, "அக்கா பேரு எழுதிட்டாங்களா?"

அதே ஏப்ரலில் விருத்தாசலத்திலும் சேலத்திலும் பிரசாரக் கூட்டத்துக்கு வந்தவர்கள் வெயில் தாங்காமல் இறந்துபோனதைப் பேப்பரில் பார்த்தபோது, அந்தப் பாட்டி முகம்தான் வந்ததாம். நான்காவது கூட்டத்துக்கு அவர் போகவில்லை.

அந்த மூன்று கூட்டங்களில் தலைவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. எப்போது முடியும், வண்டி எங்கே நிற்கிறது, பையன் ஸ்கூலிலிருந்து வந்திருப்பானா. காது முழுக்க இதுதான் ஓடியது.

இரும்புலியூர் மேடைக்கு வேட்பாளர் வந்தபோது மணி 8.10. பட்டாசு, மாலை, சால்வை. அவர் பேச ஆரம்பித்ததும், இந்த முறை இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டெல்லி, விலைவாசி, எதிரணியின் ஊழல், தன் தலைவரின் பெருமை. நடுவில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஒன்று கடந்தது. அரை நிமிடம் வேட்பாளரின் வாய் மட்டும் அசைந்தது. அந்த அரை நிமிடத்தில்தான் தாம்பரத்தைப் பற்றிப் பேசியிருப்பாரோ என்று பின்னால் நின்ற பெரியவர் அடித்த ஜோக்குக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மொத்தம் பதினொரு நிமிடம். மழை என்ற சொல் வரவில்லை, கால்வாய் வரவில்லை. கை தட்ட வேண்டிய இடங்களில் நோட்டுப் புத்தக அக்கா முதலில் தட்டினார், நாற்காலிகள் தட்டின.

கேள்வி கேட்க ஒரு கூட்டத்தில் இடமே இல்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார். மைக் ஒன்றுதான், அது மேடையில். மேடை முடிந்ததும் திறந்த ஜீப். ஜீப்புக்கும் ஜனத்துக்கும் நடுவில் வெள்ளைச்சட்டைகள். ஆரத்தித் தட்டோடு நான்கு பெண்கள் மட்டும் உள்ளே விடப்பட்டார்கள். அவர் முண்டியடித்துக்கொண்டு போனார். "அக்கா தள்ளு, தள்ளு." மகன் பின்னாலிருந்து "விடும்மா, வா" என்றான். விடவில்லை. ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்து, தாளை நீட்டினார்.

"சார், மழைத்தண்ணி சார். டிசம்பர்ல வீட்டுக்குள்ள..."

வேட்பாளர் குனிந்து வாங்கினார். முகத்தைப் பார்த்து, "பார்க்கலாம்மா, கண்டிப்பா" என்றார். அது பொய்யான குரல் இல்லை, களைத்த குரல். தாள் பின்னால் நின்றவர் கைக்குப் போனது. அவர் அதைச் சால்வைகள் திணித்த கட்டைப்பைக்குள் போட்டார். பையில் ஏற்கெனவே நிறையத் தாள்கள் இருந்தன. ஜீப் நகர்ந்தது.

திரும்பி நடக்கையில் மகன்தான் பேசினான். "இதுக்கா ரெண்டு மணி நேரம் நின்ன? அந்த வேன்ல வந்தவங்களாச்சும் காசு வாங்கிட்டுப் போறாங்க."

"நானும் வாங்கியிருக்கேன்டா."

அவன் நின்றான். ரயில்வே லைன் பக்கத்துத் தெருவிளக்கு எரியாத இடம் அது. முகம் தெரியாத இருட்டில் சொல்வது அவருக்கும் வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மூன்று கூட்டம், 600 ரூபாய், பாட்டி, தண்ணீர்ப் பாக்கெட், எல்லாம் சொன்னார். ஃபீஸ் என்பதைக் கடைசியில்தான் சொன்னார், அதுவும் அவன் "எதுக்கும்மா?" என்று கேட்டதால்.

வீடு வரும்வரை அவன் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து அம்மா மெஷினில் உட்கார்ந்த பிறகு, போனை எடுத்து எதையோ அழித்துக்கொண்டிருந்தான். வேன் படமாக இருக்கலாம். அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை இருவரும் காலையிலேயே போய் ஓட்டுப் போட்டார்கள். யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மனுவுக்குப் பதில் வரவில்லை. அதன் நகல் ஒன்றை மகன் மாநகராட்சிக்கு அனுப்பினான், பிறகு இன்னொன்று.

2025 செப்டம்பர் 27 இரவு, கரூரில் நடந்த பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த செய்தி டிவி-யில் ஓடியது. பகல் முழுக்கக் காத்திருந்த ஜனம், குழந்தைகளோடு வந்தவர்கள். அரசியல் கூட்டங்களுக்குக் கறாரான விதிமுறை வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் சூடுபிடித்தது. "குழந்தைய எல்லாம் ஏன் கூட்டிட்டுப் போறாங்க?" என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கேட்டபோது அவர் டிவி-யை அணைத்துவிட்டு எழுந்துபோனார். வண்டலூர் கூட்டத்துக்கு மகனையும் கூட்டிப் போயிருக்க வேண்டியது. அன்றைக்கு ஸ்கூல் இருந்ததால் தப்பித்தான்.

சில வாரங்கள் கழித்து நோட்டுப் புத்தக அக்கா தெருவுக்கு வந்தார். வேறொரு கட்சி, வேறொரு கூட்டம், தலைக்கு 300. இவர் வீட்டு வாசலிலும் நின்றார்.

"இல்லக்கா, கல்யாண ஆர்டர் இருக்கு."

அக்கா எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே புதிதாகக் குடிவந்த பெண், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை, பெயர் கொடுக்கத் தயாராக நின்றது. இவர் வாசல்படியிலிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"அக்கா, அங்க பந்தல் போட்டிருக்காங்களா? பாத்ரூம் இருக்கா? கேட்டுட்டு வந்து பேரு எழுது."

நோட்டுப் புத்தகம் மூடியபடியே இருந்தது. அக்கா போனை எடுத்து யாரிடமோ கேட்க ஆரம்பித்தார்.