ஏர்லி பேர்டும் அரை நொடி மௌனமும்

போனில் ஒரு கேள்வி கேட்டு, அரை நொடி பதில் வராவிட்டால் என்ன ஆகிவிடும்? இன்று சிரிப்பு வரலாம். 1960களில் தொலைபேசிக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை விட்டால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும். கீழிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும். ஆர்தர் சி. கிளார்க் 1945லேயே எழுதிய விஷயம். சிக்கல் அந்த உயரத்தில்தான். பேச்சு மேலே போய்க் கீழே வரக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. அதற்குள் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று இவர் கேட்க, அங்கிருந்து பதிலும் கிளம்ப, இரண்டும் மோதிக்கொள்ளும். போதாக்குறைக்கு, எதிரொலியை அடக்க வைத்த கருவி வார்த்தைகளின் தலையை வெட்டிவிடும்!

அதனால் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தாழ்வாகச் சுற்றும் கோள்களையே விரும்பியது. 1962ல் போன டெல்ஸ்டார் அந்த ரகம். ஆனால் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் அது சேர்ந்தாற்போல் தெரிந்தது ஒரு சுற்றில் 20 நிமிடம் போல. நாள் முழுக்கப் பேச வேண்டுமானால் டஜன் கணக்கில் கோள்கள் வேண்டும்.

ஹ்யூஸ் நிறுவனத்தின் ஹரால்ட் ரோசன் குழுதான் எதிர்க்கட்சி. அவர்களின் சின்காம் சோதனைகள் பலித்த பிறகு காம்சாட் நிறுவனம் துணிந்தது. 1965 ஏப்ரல் 6 அன்று ஏர்லி பேர்ட் (இன்டல்சாட் 1) கிளம்பியது. பீப்பாய் மாதிரி இருக்கும். எடை 40 கிலோகூட இல்லை. 240 தொலைபேசி இணைப்புகள், அல்லது ஒரே ஒரு டிவி சேனல். அந்த 'அல்லது'வைக் கவனியுங்கள். டிவி படம் போக வேண்டுமானால் பேச்சுகள் ஒதுங்க வேண்டும். இருந்தாலும், 1956ல் அட்லாண்டிக்குக்கு அடியில் போட்ட முதல் தொலைபேசி கேபிள் தொடக்கத்தில் தாங்கியது 36 பேச்சுகள்தான்.

ஜூன் 28ல் கட்டணச் சேவை ஆரம்பம். மக்கள் என்ன செய்தார்கள்? பழகிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

18 மாதம் உழைக்கச் செய்த கோள், மூன்றரை வருடம் ஓடி 1969 ஜனவரியில் ஓய்வு பெற்றது. ஆறே மாதத்தில் அப்பல்லோ 11 நேரத்தில் அட்லாண்டிக் மேலிருந்த புதிய கோள் ஒன்று பழுதாக, கிழவரை மறுபடி எழுப்பினார்கள். வேலையையும் செய்தார்! 1990ல், 25வது ஆண்டுக்காகக் கொஞ்ச நேரம் எழுப்பியபோதும் பதில் கொடுத்தார்.

அதற்கு முன்பே, 1988ல், கண்ணாடி இழைக் கேபிள் அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. தொலைபேசிப் பேச்சு மெல்ல மெல்லக் கடலுக்கடியில் இறங்கியது. டிவி மேலேயே தங்கிவிட்டது. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லையே.