நிலத்தின் பொறை

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு மாலை, திருநின்றவூர் ஏரிக்கரையில் எம் பாட்டனாருடனும் வேதியியல் பயிலும் நண்பர் ஒருவருடனும் யாம் நின்றிருந்தோம். மழை தூறிற்று. தமிழ் பயிலும் செருக்கினால், மழையை அமிழ்தமெனப் போற்றினார் வள்ளுவர் என்று வியந்துரைத்தோம். நண்பர் முறுவலித்து, "அவ்வமிழ்தத்தில் இன்று கலந்திருப்பன யாவை என அறிவீரோ?" என்றார். பாட்டனார் இடைமறித்து, "எது கலந்தால் என்ன? மண் பொறுக்கும், தம்பி" என்றார். அவ்விருவர் சொற்களும் எம்மைக் கல்லூரி நூலகம் வரை தொடர்ந்து வந்தன. ஆண்டு அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவோம்.

நிலக்கரி எரியுங்கால் அதன்கண் உள்ள கந்தகம் புகையாய் எழுகின்றது. மோட்டார் வண்டிகளின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் பிராணவாயுவுடன் கூடிப் புகையாகின்றது. வயலில் இடும் யூரியாவினின்றும் நைட்ரஜன் ஆவியாய்க் காற்றில் ஏறுகின்றது. இவையெல்லாம் தொலைவிலுள்ள காட்டிலும் மழையோடு இறங்கி மண்ணைப் புளிக்கச் செய்கின்றன. காட்டு மண்ணோ, தான் சேமித்து வைத்துள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கொடுத்து அப்புளிப்பைத் தணிக்கின்றது. கொடுத்த பொருள் ஓடைவழியே போய்விடுகின்றது. இதுவே பாட்டனார் கூறிய பொறுமை. சேமிப்புக் குறைந்தபின், மண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து வெளிப்பட்டு வேர்களை வருத்துகின்றது. ஓடை மீன்களையும் கொல்லுகின்றது. நைட்ரஜன் மரங்கட்கு உணவே. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சன்றோ?

அமெரிக்க நாட்டு நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் என்னும் காட்டில் 1963 முதல் மழைநீரையும் ஓடைநீரையும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின் அந்நாட்டில் கந்தகப் புகை பெரிதும் குறைந்தது. மழை தேறிற்று, மண் உடனே தேறவில்லை. 1999-இல் சுண்ணாம்புச் சத்துள்ள கனிமத் தூளை ஹெலிகாப்டரினின்று காட்டின் ஒரு பகுதியில் தூவினர். அப்பகுதியில் மேப்பிள் மரங்கள் மீளத் தழைத்தன.

நம் நாட்டிற் பலவிடங்களில், காற்றிற் பறக்கும் சுண்ணாம்பு கலந்த புழுதி மழையின் புளிப்பை ஓரளவு தணிக்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலோ, நெடுங்கால மழை மண்ணின் சுண்ணாம்பை முன்னரே கரைத்துவிட்டமையால் இருப்புக் குறைவு.

அத்திப்பட்டிலும் வல்லூரிலும் எரியும் நிலக்கரி எம் படிப்பறை விளக்கையும் ஏற்றுகின்றது. எம்மூரில் இரயில் நிலையம் இருக்கவும், விரைவு கருதி மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தோம். இப்போது மின்வண்டியில் வருகின்றோம். அதற்கும் நிலக்கரி வேண்டும். எனினும் பலர் பகிர்ந்துகொள்வதால் ஒருவர் பங்கு சிறிதாகின்றது. எழுபது முறை ஏழு மட்டும் மன்னிக்க நம் ஆண்டவர் கற்பித்தார். மன்னிப்பை நம்பித் தீங்கைத் தொடருமாறு யாரையும் அவர் ஏவவில்லை.

இக்கட்டுரையைப் பாட்டனார்க்குப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் ஏரியையே நோக்கியிருந்தார். பின்னர், "மண் பொறுக்கும் என்றுதான் தம்பி, நானும் முப்பது ஆண்டு யூரியாவை அள்ளி அள்ளி இறைத்தேன்" என்றார்.