வளர்ந்தா சரியாயிடும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. விஷயமும் நாம் வாய்விட்டுப் பேசுகிற விஷயம் இல்லை. நானே நாலைந்து தடவை எழுதி அழித்துவிட்டேன். ஆண் பிள்ளை பெற்றவர்களும், பேரன் வைத்திருப்பவர்களும் முகம் சுளிக்காமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தில் விந்தகம் என்று இருக்கும். டாக்டர்கள் விரை என்று எழுதுகிறார்கள். எங்கள் அம்மாப்பேட்டைப் பக்கத்தில் விதை. நான் ஊர்ச் சொல்லிலேயே எழுதுகிறேன்.

சம்பா கதிர் வரும் சமயத்தில் எங்கள் வயலுக்கு எலி பிடிக்க ஒரு பெரியவர் வருவார். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய தஞ்சாவூர்க் கிட்டி. சாயங்காலம் வரப்போரமாக வைத்துவிட்டுப் போய், விடிகாலை வந்து எடுப்பார். ஒரு எலிக்கு இவ்வளவு என்று கணக்கு. வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தவுடனே சொல்வார், "ஆம்பள எலி டீச்சர். வெத எறங்கி நிக்குது பாருங்க. இனிமே வளைக்கு வளை குட்டிதான்." கதிர் இல்லாத காலத்தில் பிடிபடும் ஆண் எலிக்கு அது வெளியில் தெரியாது, உள்ளே போயிருக்கும் என்பார். பின்னால் படித்தபோது தெரிந்தது, வயல் எலிகளை ஆராய்கிறவர்களும் விதை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அது இனப்பெருக்கக் காலமா என்று குறித்துக்கொள்கிறார்கள். எலிக்கு அந்த வழி ஆயுசு முழுக்க மூடுவதில்லை. வேண்டும்போது மேலே இழுத்துக்கொள்ளும். மனுஷப் பிள்ளைக்கு அப்படி இல்லை. பிறப்பதற்கு முன்பே இறங்கி, பிறகு வழி மூடிவிடும். இறங்காமல் நின்றுவிட்டால் நாம்தான் கவனிக்க வேண்டும்.

1994-இல் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா, பள்ளிக்கூடம் விட்டபிறகு மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் கிட்டே வந்தாங்க. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாங்க: "டீச்சர், ஒங்கக்கிட்டதான் கேக்க முடியும். இவனுக்குப் பொறந்ததுலேர்ந்து ஒரு பக்கம் வெத எறங்கவே இல்ல. எங்க மாமியா வளந்தா சரியாயிடுங்குது. ஆஸ்பத்திரிக்குக் காட்டணுமா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயசு. பக்கத்தில் ஹெட்மாஸ்டர் இருந்தார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தால் போதும் என்று இருந்தது. "ஆமாம்மா, வளர வளர சரியாயிடும். கவலைப்படாதீங்க" என்றேன். படித்தவள் சொல்லிவிட்டாள் என்று அவங்க நிம்மதியாகப் போயிட்டாங்க.

பையன் நல்ல ஓட்டக்காரன். ராணுவத்தில் சேர வேண்டும் என்பதே அவன் பேச்சாக இருந்தது. பத்தொன்பது வயதில் ஆள் எடுப்புக்குப் போனான். ஓட்டத்தில் தேறினான், எழும்பித் தொங்குவதில் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் எல்லாரிடமும் "கண்ணு பார்வை சரியில்லேன்னுட்டாங்க" என்று சொன்னான். அப்புறம் தஞ்சாவூரில் காட்டி ஆபரேஷன் செய்தபோது, வயிற்றுக்குள்ளேயே இருந்த விதை சுருங்கிப் போயிருந்ததால் எடுத்தே விட்டார்கள். இதை அவன் அம்மாதான் என்னிடம் சொன்னாங்க. "அன்னிக்கே ஒங்களக் கேட்டேனே டீச்சர்" என்று ஒரு வார்த்தை. குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதனால்தான் அது இத்தனை வருஷமாக எனக்குள் கிடக்கிறது.

அவன் இப்போது அறுவடை மிஷின் ஓட்டுகிறான், இரண்டு பெண் குழந்தைகள். ஒரு பக்கம் நல்லபடி இருந்தால் பெரும்பாலும் குழந்தைப்பேறுக்குக் குறை வருவதில்லை. இரண்டு பக்கமும் இறங்காமல் விட்டால்தான் பெரிய பாதிப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளுக்குத் திருச்சியில் பிரசவம். பையன். மறுநாள் குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, "வலது பக்கம் இன்னும் இறங்கவில்லை" என்றார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் ஏதாவது சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டுட்டேனாம்மா?" சம்பந்தியம்மா அவளைச் சமாதானப்படுத்த, "அதெல்லாம் வளர்ந்தா சரியாயிடும் கண்ணு" என்றாங்க. நான் 1994-இல் சொன்ன அதே சொல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் டாக்டரும் முதலில் காத்திருக்கத்தான் சொன்னார். நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் மூன்று பேருக்குப் பிறக்கும்போது இப்படி இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் முப்பது வரைகூட. பாதிக்கு மேல் முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் பிறகு அநேகமாக இறங்காது. ஒரு வயதை ஒட்டி, எப்படியும் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். ஆக, "வளர்ந்தா சரியாயிடும்" என்பதற்கும் கெடு உண்டு. அந்தக் கெடு ஆறு மாதம். ஏழு வயதுப் பையனுக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் மாதம் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் போனோம். சின்னப் பெண், என் கடைசி மாணவிகள் வயசு இருக்கும். ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். "பாட்டி, இது எல்லாம் எலியில பாத்துத்தான் எங்களுக்கே புரிஞ்சுது" என்றாள். எலி என்றதும் எனக்குக் கிட்டிக்காரர் ஞாபகம். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். டீச்சர் ட்ரெயினிங் மட்டும் படித்தவள் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகளை நச்சரித்துத்தான் படித்தேன்.

கருவில் விதை முதலில் உண்டாவது மேலே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பெண் கருவில் சினைப்பையும் அங்கேதான். சுண்டெலிக்குக் கர்ப்பம் மொத்தம் இருபது நாள்போல. அதில் பத்தாம் நாள் தாண்டி இரண்டே நாளுக்கு, ஒய் குரோமோசோமில் இருக்கிற எஸ்ஆர்ஒய் என்ற மரபணு விழித்துக்கொண்டு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. "இது ஆண்" என்ற உத்தரவு அதுதான். உத்தரவு போட்டுவிட்டு அடங்கிவிடும். அதன்பின் விதைக்குள் இருக்கும் உயிரணுக்கள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. செர்டோலி என்ற வகை, கருப்பைக்கான குழாயைக் கரைக்கிற புரதத்தைச் சுரக்கிறது. லேடிக் என்ற வகை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அதனால்தான் விந்து வரும் குழாய்கள் உருவாகின்றன.

அந்த லேடிக் உயிரணுக்களே இன்னொரு சின்னப் புரதத்தையும் சுரக்கின்றன. இன்சுலின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஐஎன்எஸ்எல்3 என்று பெயர். விதையை மேலே ஒரு தசைநார் பிடித்திருக்கிறது, கீழே ஒன்று பிடித்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மேல் கட்டை அவிழ்க்கிறது. ஐஎன்எஸ்எல்3 கீழ்க் கட்டைத் தடிக்க வைக்கிறது. கரு நீளமாக வளர வளர மற்ற உறுப்புகள் மேலே நகர்ந்து போக, முளையில் கட்டின கன்று மாதிரி விதை மட்டும் அடிவயிற்றிலேயே நிற்கிறது. பிறகு டெஸ்டோஸ்டிரோனின் வேலையால் பைக்குள் இறங்குகிறது. மனுஷக் கருவில் அந்தக் கடைசிப் பயணம் ஏழாம் மாதம் போல நடக்கும். எலிக்குப் பிறந்து மூன்று வாரம் ஆகும்.

1999-இல் ஜெர்மனியில் கெட்டிங்கனிலும், அமெரிக்காவில் டல்லாஸிலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள் இந்தப் புரதத்துக்கான மரபணுவைச் சுண்டெலியில் நீக்கிப் பார்த்தார்கள். ஆண் குட்டிகளுக்கு இரண்டு விதையும் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன. மலடாகப் போயின. பிறகு இன்னொரு சோதனையில் பெண் சுண்டெலிக் கருவில் இந்தப் புரதத்தைச் சுரக்க வைத்தபோது அதன் சினைப்பை கீழே இறங்கி வந்துவிட்டது! இதைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். விதை எங்கே இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இந்த ஒரு பிடி புரதமா என்று.

இறங்கினால்தான் என்ன, உள்ளேயே இருந்தால் என்ன என்று கேட்கலாம். யானைக்கு ஆயுசு முழுக்க உள்ளேதான் இருக்கிறது. ஆனால் நமக்கும் எலிக்கும் விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக வேண்டும். உள்ளேயே நின்றால் அந்த உயிரணுக்கள் ஒரு வயதிலிருந்தே குறையத் தொடங்குகின்றன. பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

மகள் கேட்டாளே, "நான் என்ன சாப்பிட்டேன்" என்று. அதற்கும் தேடினேன். இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் அந்த மரபணுவில் பழுது தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு இன்னது காரணம் என்று காட்டவே முடிவதில்லை. எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். இதை நான் அவளுக்கு மூன்று தடவை சொன்னேன்.

ஆனால் வெளியிலிருந்து வருவது கருவைத் தொடவே தொடாது என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மேல்நாட்டில் கர்ப்பிணிகளுக்கே கொடுத்த டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோன், சுண்டெலிக் கருவில் ஐஎன்எஸ்எல்3 சுரப்பைக் குறைத்துவிட்டது. பிளாஸ்டிக்கை இளக வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் எலியில் அதையே செய்தன.

நம் தமிழ்நாட்டிலேயே இந்த வகை ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சென்னை தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், பேராசிரியர் மைக்கேல் அருள்தாஸ் குழுவினர் தோல் தொழிற்சாலைப் பகுதிகளின் தலைவலியான குரோமியத்தை எடுத்துக்கொண்டார்கள். சினையாக இருக்கும் எலிக்கு, கருவில் விதை உருவாகும் அந்தச் சில நாட்கள் மட்டும், குடிதண்ணீரில் குரோமியம் கலந்து கொடுத்தார்கள். குட்டிகள் பிறந்து, வளர்ந்து பெரிதான பிறகு பார்த்தார்கள். செர்டோலி உயிரணுக்களை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டும் புரதங்கள் குறைந்திருந்தன. ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதங்களும் குறைந்திருந்தன. விந்தணு உற்பத்தி பாதிக்கப்பட்டிருந்தது. 2017-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. குட்டி ஒரு சொட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தாய் குடித்தது, அதுவும் சில நாள்.

அந்தச் சில நாள் என்பதில்தான் என் மனசு நின்றுவிட்டது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் இருப்பவர்கள், எலியில் கர்ப்பத்தின் பதினைந்தரையிலிருந்து பதினெட்டரை நாள் வரைதான் ஆண் உறுப்புகளின் தலைவிதி எழுதப்படுகிற நேரம் என்று 2008-இல் கண்டார்கள். மனுஷக் கருவுக்கு அது எட்டாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். நம் ஊரில் அது எந்தச் சமயம்? மூன்று மாதம் முடிகிறவரை வெளியில் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்று மறைத்து வைக்கிற சமயம். சொல்லாததால் யாரும் அவளை ஒதுக்கி உட்கார வைப்பதில்லை. நாற்றங்காலில் இருப்பாள், களை பறிப்பாள், மருந்தடிக்கிறவனுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் டேங்க்கில் ஊற்றுவாள். நானே பார்த்திருக்கிறேன், மருந்து கலக்கின வாளியை வாய்க்காலில் கழுவி அதிலேயே முகம் கழுவுகிற பெண்களை. அந்தப் பையனுக்கு இதனால்தான் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது தப்பு. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. மருந்து வாடை அடிக்கும் வயலுக்கு அவளை அந்த மூன்று மாதம் அனுப்பாமல் இருக்க ஏதாவது ஒரு சாக்கு சொல்லலாமே. பொய் சொல்ல நமக்குத் தெரியாதா என்ன?

பேரனுக்குப் பத்தாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே போனான், மறுநாள் வீட்டில் தவழ்ந்தான். கீறல் சின்னது.

குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டும்போது கவனியுங்கள். குளிரில் மேலே ஏறி, சூட்டில் இறங்கினால் அது வேறு, ஆனாலும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம். எப்போதுமே பை ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் தள்ள வேண்டாம். வயது தாண்டிவிட்டது என்றும் விட வேண்டாம், எந்த வயதிலும் காட்டத்தான் வேண்டும். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாலே வழி சொல்வார்கள். டீச்சர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு: யாராவது ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தால், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா என்று சொன்னால் போதும்.

போன புரட்டாசியில் அந்தப் பையனின் அம்மாவை நாற்றங்கால் ஓரத்தில் பார்த்தேன். பேரனுக்கு இப்படி இருந்தது, ஆபரேஷன் ஆனது என்று சொன்னேன். அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எத்தன மாசத்துல செஞ்சாங்க டீச்சர்?"

"பத்து மாசம்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, நாற்றுமுடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாங்க.