நான் தவறு போட்ட விடை



முப்பது வருடங்களுக்கு முன்பு நான் செய்த ஒரு தவறை இன்று எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு அளவைகள் பாடம். பள்ளிக்கு வெளியே நின்ற மாட்டுவண்டியின் நீள அகலத்தை அளந்து வரச் சொன்னேன். எல்லோரும் வண்டித்தட்டை அளந்து வந்தார்கள். ஒருவன் மட்டும் ஏர்க்கால் நுனியிலிருந்து வண்டியின் பின்முனை வரை நீளம் என்றும், இந்தப் பக்க அச்சு முனையிலிருந்து அந்தப் பக்க அச்சு முனை வரை அகலம் என்றும் எழுதியிருந்தான். சிவப்பு மையால் தவறு போட்டேன்.

“சந்துல திரும்பும்போது அதுதானே சார் இடிக்கும்?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடல் இல்லாத நம் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து போன அந்தப் பையன் இன்று கப்பல் அதிகாரி. ஆடித் திருவாதிரைக்கு ஊருக்கு வந்தவன் வீட்டுக்கும் வந்தான். கப்பல்கள் மோதாமலிருக்க 1972இல் வகுத்த சர்வதேச விதிகளைப் பற்றிச் சொன்னான். 1977 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. அதில் மூன்றாம் விதிப்படி, நீளம் என்றால் முனைக்கு முனை முழு நீளம். அகலம் என்றால் மிக அகலமான இடத்தின் அகலம். பதிவுக்கும் சுமைக்கோட்டுக்கும் நீளத்தை வேறு விதமாகக் கணக்கிடுவார்களாம். மோதலுக்கு இதுதான் கணக்கு.

இரவில் விளக்குகளையும் இந்த நீளமே தீர்மானிக்கிறது. 50 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள இயந்திரக் கப்பல் ஓடும்போது உயரத்தில் இரண்டு வெள்ளை விளக்குகள் கட்டாயம். பின்னால் உள்ளது முன்னதைவிட உயரமாக இருக்க வேண்டும். அந்த இரண்டையும் பார்த்தே கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எதிரில் வருபவர் கணிக்கிறார். அதைவிடச் சிறிய கப்பலுக்கு ஒன்று போதும். சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள் பெரிய கப்பலில் 3 கடல் மைல் தெரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகில் 1 மைல் போதும்.

“நம்ம கோயில் விமானம் 53 மீட்டர்னு யுனெஸ்கோ சொல்லுது. அதைப் படுக்க வச்சு ஓட்டினா ரெண்டு விளக்கு போடணும் சார்” என்று சிரித்தான்.

“அந்த வண்டிக் கணக்கு ஞாபகம் இருக்காப்பா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தப்பு போட்டது பரவாயில்ல சார். நீங்களும் சிரிச்சீங்க, அதுதான் மறக்கல.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி, வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதற்குத் தட்டின் அளவு வேண்டும். சந்தில் திரும்புமா என்பதற்கு உன் அளவு வேண்டும். எதற்காக அளக்கிறோம் என்று நான் சொல்லவே இல்லை. என் கேள்விதான் அரைகுறை. உன் விடை சரி. அன்று எல்லோர் முன்னும் சிரித்தேன், அதனால் இன்று எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்பு மையை எடுக்கும் முன், “ஏன் இப்படி எழுதினாய்?” என்று பிள்ளையிடம் ஒரு முறை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்