வெள்ளிக்கிழமை மூன்று மணி

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கூடி நாலரைக்குக் கலைய வேண்டும் என்று 2022-ல் ஏற்பாடு வந்தது. சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் நல்ல நேரம்தான். பாடமும் அதிகம் கெடாது, பிள்ளையைக் கூட்டிப் போக வருகிற தாய் அப்படியே கூட்டத்திலும் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த மூன்று மணிக்குத் தாய் எங்கே இருப்பாள்? போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைப் பக்கமோ சாந்தன்பாறைப் பக்கமோ, ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஏலக்காய் மற்றக் காய்களைப் போல மேலே காய்க்காது. செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படர்ந்திருக்கும். எட்டி நின்று பறிக்க முடியாது, குனிய வேண்டும் அல்லது குத்தவைக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பழுத்ததும் இருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மழைக் காலம் என்றால் அட்டைக்கடி வேறு. இதற்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் சோறாக்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு கடந்து கேரளத்துக்குப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புகிறார்கள். போடி மட்டுமல்ல, தேவாரம், கம்பம், கூடலூர் எல்லாம் இதே கதைதான், மலைப்பாதைதான் வேறு.

நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். போடியை ஒட்டிய எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் என் மகன் படித்தான். குழு அமைத்தபோது என்னைத் தலைவியாக்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. “நீதானக்கா பகல்ல ஊருக்குள்ள இருக்க” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவ்வளவுதான் தேர்தல்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அருமையான விதி. இதில் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு எது வேண்டும் என்று தாய்க்குத் தெரியும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தத் தாய் கூலிக்குப் போகிறவள் என்பதைத்தான் கால அட்டவணை மறந்துவிட்டது.

அதனால் எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் அப்பத்தாக்கள். மகளும் மருமகளும் மலைக்குப் போயிருக்க, பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்கிற கிழவிகள். அவர்களை லேசாக நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய டீச்சர் அச்சடித்த பொருள்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். கற்றல் விளைவு, இடைநிற்றல், மன்றச் செயல்பாடு. ஒரு அப்பத்தா நடுவில் கையைத் தூக்கினார்: “அதெல்லாம் கெடக்கட்டும் தாயி. பொம்பளப் பிள்ளைக கக்கூசுக்குத் தாப்பா இல்லையாமே? எம் பேத்தி நாள் முச்சூடும் அடக்கிக்கிட்டு, மணியடிச்சதும் வீட்டுக்கு ஓடியாரா.” அச்சடித்த தாளில் தாழ்ப்பாள் என்று ஒரு வரி கிடையாது. மறுநாள் அந்த அம்மாவே தன் அண்ணன் மகன் ஒருவனை ஸ்குருடிரைவரோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கூட்டத் தீர்மானங்களைப் பதிகிற செயலியில் அன்றைய தீர்மானமாக என்ன ஏறியது என்று எனக்கு நினைவில்லை. தாழ்ப்பாள் இன்றைக்கும் இருக்கிறது.

கூட்டம் மாதத்துக்கு ஒன்று. பள்ளிக்கு ஆள் வேண்டியிருப்பது தினமும் காலை எட்டேகாலுக்கு. நான் போய்ச் செய்ததில் உருப்படியான வேலை எது என்று கேட்டால், தலை பின்னி விட்டதைத்தான் சொல்வேன். அம்மா இருட்டிலேயே கிளம்பிவிட்டால் சின்னப் பெண் பிள்ளைகளுக்குத் தலை வார ஆளிருக்காது. அப்பாவுக்கு வகிடு எடுக்க வராது, அப்பத்தாவுக்குக் கண் தெரியாது. எண்ணெயும் பேன் சீப்பும் ரிப்பனும் ஒரு டப்பாவில் போட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவேன். வரிசையாக வந்து முதுகைக் காட்டி உட்காரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் வரமாட்டாள். அவள் அம்மா முதல் நாள் ராத்திரியே இறுக்கிப் பின்னி, படுத்தாலும் கலையாதபடி துணியைச் சுற்றி விட்டுவிடுவார். ஒருநாள் அவள் சடையும் அவிழ்ந்திருந்தது. பின்னி முடித்ததும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க லூசா பின்றீங்க. எங்கம்மா பின்னுனா கண்ணு மேல இழுக்கும்.” இழுக்க வேண்டும் என்று கேட்டாள். அப்படியே பின்னினேன்.

மலைக்குப் போகிறவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவது அந்தச் சடையைப் பார்த்ததால்தான். “பேரண்ட்ஸ் கோஆப்ரேட் பண்றதில்லை” என்பது ஆசிரியர் கூடுகிற இடமெல்லாம் கேட்கிற வசனம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் ஒத்துழைப்பு என்றால், அந்த ஒத்துழைப்பை அந்த டீச்சர்களிடமே ஒரு மாதம் கேட்டுப் பார்க்கலாம்.

என் சித்தி மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முந்தைய ஆண்டே பெற்றோர் தொண்டராகப் பதிந்து, குறைந்தது 40 மணி நேரம் பள்ளிக்கு வேலை செய்தால், சேர்க்கையில் ஒரு படி முன்னுரிமை உண்டு. சாலையோரம் கொடி பிடித்துப் பிள்ளைகளைக் கடத்திவிடுவது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என்று மணிக்கணக்கை எழுதி வைப்பார்களாம். பேர் பெற்ற பள்ளிகளில் அந்தத் தொண்டர் இடத்துக்கே போட்டி என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே ஜூன் மாதம் நாங்கள் வீடு வீடாகப் போய் “பிள்ளைய நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்க” என்று கும்பிடுகிறோம். வாசலில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. பெற்றோரின் நேரத்துக்கு அங்கே ஒரு விலை போட்டிருக்கிறார்கள், நியாயமோ இல்லையோ. இங்கே அந்த நேரத்தை ஏலத்தோட்டம் முன்னாலேயே வாங்கிவிட்டது.

பொருள் கொடுப்பதில் நம் ஆட்கள் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-ல் தொடங்கின. நாற்காலி, கரும்பலகை, மணி, நிலம் என்று ஊர் ஊராக ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது சில ஆண்டுகளாகக் கல்விச் சீர் என்று நடக்கிறதே, அதுவும் அந்த வழிதான். தாய்மாமன் சீர் போல மேளதாளத்தோடு, தட்டில் பழமும் நோட்டும் பென்சிலும், பின்னாலேயே பீரோவும் மின்விசிறியுமாக ஊர் பள்ளிக்கு நடந்து வரும். எங்கள் ஊரிலும் எடுத்தார்கள். அதில் பெரிய பங்கு ஜீப்பில் போகிற பெண்களுடையது. ஆளுக்கு இவ்வளவு என்று ஜீப்பிலேயே வசூலித்து இரண்டு மின்விசிறி வாங்கினார்கள். அந்தச் சீர் வந்த கிழமை ஞாயிறு. கவனிக்க வேண்டிய விஷயம் இது.

2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தினார்கள். அதுவும் ஞாயிறு. அன்றைக்கு எங்கள் பள்ளியில் உட்கார இடமில்லை. கிழமையைச் சரியாகப் பார்த்து வைத்தால் ஜனம் வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் நேரத்தைச் சரியாகப் பிடித்தது. மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை தெருவிலேயே வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சொல்லித் தந்தவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த மருமகள் ஒருத்தி திண்ணையில் நடத்தினாள். ஜீப்பை விட்டு இறங்கி வருகிற தாய், தூக்குவாளியும் கையுமாக நின்று, தன் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

காலை உணவுத் திட்டம் இன்னொன்று. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன் டீயும் வர்க்கியுமாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போது உப்புமா, கிச்சடி, பொங்கல். சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கிற பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம். தன் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிற பந்தியில் யாரும் புழுத்த ரவையைக் கொட்ட மாட்டார்கள்.

சரி, கூட்டத்தையே மாற்றி வைத்தால் என்ன? பெரிய டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு யோசனை சொன்னார்: “ஓணத்துக்கு வைப்போமா?” எனக்குத் தோன்றவே இல்லை. ஓணம் என்றால் மலையில் வேலை கிடையாது, இங்கே பள்ளி உண்டு. கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்தாலும் அப்படித்தான், அன்றைக்குப் பார்த்துப் பள்ளி வாசலில் அம்மாக்கள் தென்படுவார்கள். எங்கள் பள்ளியின் பெற்றோர் வருகையைத் தீர்மானிக்கிறது திருவனந்தபுரம் என்று டீச்சர் கேலி பேசுவார்.

அப்படியே ஒரு ஓணத்துக்கு வைத்தோம். அந்தக் கூட்டத்தில் ஒரு தாய், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், மகனுடைய கணக்கு நோட்டை வாங்கி ஏடு ஏடாகப் புரட்டினார். நாங்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். அவர் புரட்டி முடித்துவிட்டு எழுந்தார். “டீச்சர், இதுல நடுவுல தேதி விட்டுப் போயிருக்கு. இங்கன ஆடி மாசத்துல ரெண்டு வாரம் ஒண்ணுமே எழுதலையே?” பழுத்த காயையும் பிஞ்சையும் நாள் முழுக்கப் பிரித்துப் பார்க்கிற கண். டீச்சர் மறைக்கவில்லை. பயிற்சிக்குப் போயிருந்தேன், இன்னொரு டீச்சர்தான் ஐந்து வகுப்பையும் பார்த்தார் என்றார். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு, ஒருவர் வெளியே போனால் மிச்சம் ஒருவர். அதன் பிறகு எங்கள் குழு போட்ட தீர்மானம், பயிற்சி நாள்களில் ஊரில் படித்த பெண் ஒருத்தி வந்து சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்பது. அப்பத்தாக்களும் நானும் மாதாமாதம் கூடியும் அந்த வெற்று ஏடு எங்கள் கண்ணில் படவில்லை. பள்ளி நடப்பதைக் கவனிப்பது என்று 21-ஆம் பிரிவு எதைச் சொல்கிறதோ, அதை அந்த அம்மா ஒரே நாளில் செய்துவிட்டுப் போனார். அடுத்த நாள் மலைக்குப் போய்விட்டார்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தேனியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களை ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் என்று நிறுத்திவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையை மாதாமாதம் கேட்பதும் அதிகம்தான், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அதற்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு என்றால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. சட்டத்தில் கிழமையும் கிடையாது, மணியும் கிடையாது. அது அதிகாரிகளின் வசதிக்கு வைத்தது. ஊருக்குத் தக்கபடி மாற்ற அந்தந்தக் குழுவுக்கே விட்டுவிடலாம்.

அதிகாரிகள் செய்யட்டும், நான் கேட்பது வேறு ஆட்களிடம். ஏலத்தோட்ட முதலாளிகளில் எத்தனையோ பேர் போடியில்தான் குடியிருக்கிறீர்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் கேரளத்துப் புத்தடியில் நடப்பதைப் போலவே நம் ஊரிலும் நடக்கிறது. மாதத்தில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை, தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெண்களை மட்டும் பகல் ஒரு மணிக்கு ஜீப் ஏற்றி விடுங்கள். கூலியைப் பிடிக்காதீர்கள்.